தூங்குமூஞ்சி குக்கர்

வேலையை விடச் சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய இடைஞ்சல். கெட்டவர்களாக இருந்திருந்தால் ஒரு நாள் வாய் வலிக்கக் கத்திவிட்டு, மறுநாள் காலை பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். என் கணவர் மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அதிர்ந்து பேசாத மனிதர். அவருடைய அக்கா கொருக்குப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவர். வாய் கொஞ்சம் நீளம், மனசு வெள்ளை. இரண்டு பேரும் எங்கள் தண்டையார்ப்பேட்டை வீட்டில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், நான் வேலையை விட்டுவிடுவதுதான் நல்லது என்றார்கள். யாருக்காக இந்தப் பேச்சோ அந்த என் மாமியார், சுவரோரமாக உட்கார்ந்து முந்தானையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். சில வாரங்களுக்கு முன் ஒரு மதியம், நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரம், மாமியார் பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் சற்றுச் சாய்ந்திருக்கிறார். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. கீழ் வீட்டு அக்கா, வண்ணாரப்பேட்டையில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் பாயின் மனைவி, வாடை தெரிந்து மாடிக்கு ஓடிவந்து, ஜன்னல்களைத் திறந்து, மாமியாரை உலுக்கி எழுப்பி, படியில் கொண்டுபோய் உட்கார வைத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே என் கணவர், நாங்கள் இல்லாத நேரத்தில் இனி அடுப்பே எரியக் கூடாது என்று சொல்லிவிட்டார். காலையில் கிளம்பும்போது சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி பீரோவின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

என் மாமியார் வீட்டுக்கு மட்டும் சமைத்தவர் இல்லை. முட்டி தேயும்வரை ராயபுரத்தில் துறைமுக வாசல் பக்கம் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தவர். மூட்டை தூக்குகிறவர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் ஆவி பறக்கச் சோறு போட்டுத்தான் பிள்ளைகளை ஆளாக்கினார். ஆறிய சோற்றை ஒருவருக்குப் போடுவதும் அவரை வைவதும் என் மாமியாருக்கு ஒன்றுதான். நான் விடியற்காலையில் எழுந்து சமைத்து, ஹாட்பேக்கில் போட்டு மூடிவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து திறந்தால் வைத்தது வைத்தபடி இருக்கும்.

"ஏன் அத்த துன்னல?"

"வேர்த்துப்போன சோத்த எவ துன்னுவா? நாய்கூட மோந்து பாத்துட்டு போய்டும்."

தெருமுனை டீக்கடையிலிருந்து ஒரு டீ, ஒரு பன். அவ்வளவுதான் அவருடைய மதியச் சாப்பாடு. கீழ் வீட்டு அக்கா கூப்பிட்டுப் பார்த்தார். ஊருக்கே சோறு போட்ட கை, இன்னொரு வீட்டில் தட்டு ஏந்தப் போகவில்லை. ரவிக்கை தோளில் தொளதொளவென்று ஆகி, பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் குழாயடியில் தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் இந்தப் பஞ்சாயத்து.

"த பாரும்மா, நான் தப்பா சொல்லல" என்றார் நாத்தனார். "எங்கம்மா எளைச்சி துரும்பா பூட்ச்சி. நீ வேலைய வுட்டுட்டு வூட்ல கீறேன்னு வெய்யி, சுடச்சுட நாலு வாய் துன்னும். அவன்தான் சம்பாரிக்கிறானே."

"தீபாவளி வரைக்கும் டைம் குடுங்க அண்ணி."

"அதுக்குள்ள இன்னா பண்ணப்போறே?"

"ஏதாச்சும் பண்றேன்."

ஏதாச்சும் என்று சொன்னேனே தவிர, மண்டையில் ஒன்றும் இல்லை. மைக்ரோவேவ் அடுப்பு வாங்கலாம் என்றார் கணவர். கடையில் அதன் பட்டன்களைப் பார்த்ததுமே மாமியார் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். ஆள் வைக்கலாம் என்றால், தன் வீட்டு அடுப்பில் இன்னொருத்தியா என்று ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நானே இரண்டு வருடம் பயந்திருக்கிறேன்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்துக்கு எதிர்ச் சாரியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம். கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்கத்தில் காட்ட வேண்டிய தாள்களைத் தயார் செய்து, பெட்டியை வெளியே எடுத்துக் கொடுக்கும் தொழில். தாள்களை கம்ப்யூட்டரில் அடிப்பது நான். ஓர் எண் மாறினால் போதும், கன்டெய்னர் உள்ளேயே நிற்கும். வெளியே லாரிக்காரர் பீடி மேல் பீடியாக ஊதித்தள்ளுவார். "மேடம், கொஞ்சம் பாருங்க மேடம்" என்று ஆம்பிளைகள் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். நான் அடித்த தாள் இல்லாமல் ஒரு பெட்டிகூட கேட்டைத் தாண்டாது என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது. அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார நான் தயாராக இல்லை, சம்பளம் வந்தாலும் வராவிட்டாலும்.

அந்த அலுவலகம்தான் எனக்கு ஒரு வழியும் காட்டியது. அமெரிக்காவில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமான்களை எடுத்துக் கொடுத்தோம். சோதனைக்காகப் பெட்டிகளைப் பிரித்தபோது அந்தக் குடும்பத்து அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். பாதிச் சாமான்கள் அமெரிக்க மின்சாரத்துக்கானவை. இங்கே சொருகினால் புகைந்துவிடும். அதில் முட்டை வடிவத்தில் கனமான பீங்கான் சட்டி ஒன்று, அதைச் சுற்றி ஓர் உறை, கண்ணாடி மூடி, முன்னால் ஒரே ஒரு திருகு.

"இது என்ன மேடம்?" என்று கேட்டேன்.

"ஸ்லோ குக்கர். காலைல எல்லாத்தையும் வெட்டிப் போட்டுட்டு ஆபீஸ் போயிடுவேன். வர்றப்ப தானா வெந்திருக்கும், கொதிக்கக் கொதிக்க" என்றார். "வேணும்னா எடுத்துக்கோங்க. ஆனா இங்க ஓடாது."

அவர் சொன்ன வாக்கியத்தில் ஆபீஸ் என்ற சொல்லும் கொதிக்க என்ற சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பீச் ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயிலில் வந்தேன். அந்த வாரமே கணவர் ரிச்சி ஸ்ட்ரீட் போய், நம் மின்சாரத்தை அமெரிக்க அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் ஒரு இரும்புப் பெட்டியை வாங்கி வந்தார். சொருகியதும் அது 'ம்ம்ம்' என்று முனகியது. மாமியார் தள்ளி நின்று பார்த்தார்.

"எம்மா நேரத்துல வேவும்?"

"ஏழு, எட்டு மணி நேரம் அத்த."

"அதுக்குள்ள நான் செத்து பாலே ஊத்திருவாங்க." சட்டியின் மூடியில் விரலால் ஒரு தட்டு தட்டினார். "தூங்குமூஞ்சி குக்கரு."

அதன்பின் எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் இன்டர்நெட்டில் சமையல் குறிப்பு தேட ஆரம்பித்தேன். தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தது. எல்லாம் அமெரிக்கப் பெண்கள் எழுதியவை. போடு, மூடு, மறந்துவிடு என்பதுதான் எல்லோரும் சொன்னது. பனி பெய்கிறது, நான் வேலைக்குப் போனேன், திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடெல்லாம் கறி மணம் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். முகம் தெரியாத அவள் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை. ஆனால் அவர்கள் போடச் சொன்ன சாமான்கள் தண்டையார்ப்பேட்டை மார்க்கெட்டில் எந்தக் கடையிலும் இல்லை. டப்பாவில் அடைத்த காளான் சூப்பை நான் எங்கே போய்த் தேடுவேன்? அதனால் நேரத்தையும் சூட்டையும் மட்டும் அவர்களிடம் கடன் வாங்கிக்கொண்டு, குழம்பை நான் போட்டேன்.

முதலில் சாம்பார். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது தெரிந்ததுதான். லாரித் தண்ணீரில்தான் போட்டேன். பருப்பு, காய், புளிக்கரைசல், பொடி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மூடினேன். சாயங்காலம் வந்து பார்த்தால், புளித்தண்ணீரில் பருப்பு முழுசு முழுசாகக் கிடந்தது, குண்டுமணி மாதிரி. புளி சேர்ந்தால் பருப்பு வேகாது என்பது எந்தச் சமையல்காரிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அமெரிக்காக்காரி 'எல்லாவற்றையும் ஒன்றாகப் போடு' என்று சொன்னதும் என் புத்தி புல் மேயப் போய்விட்டது.

அடுத்தது மீன் குழம்பு. காசிமேட்டிலிருந்து நல்ல வஞ்சிரமாகத்தான் வந்தது. சாயங்காலம் மாமியார் கரண்டியை விட்டு மேலும் கீழும் துழாவினார்.

"இன்னாத்த தேட்றீங்க?"

"மீன."

மீன் கரைந்து போயிருந்தது. முள் மட்டும் கரண்டியில் வந்தது. அதற்கடுத்த கோழியில் தண்ணீர் நின்றது. மூடிய சட்டியில் ஆவி வெளியே போவதில்லை என்பது எனக்குப் புரிய இன்னொரு கோழி செலவானது. ஒவ்வொரு நாளும் அவர் பன் தின்றார். ஒவ்வொரு நாளும் நான் மறுநாள் குறிப்பை அச்செடுத்துக்கொண்டு வந்தேன். பழைய தாள்களின் பின்பக்கம் முழுக்க அலுவலகச் செலவில் குருமாவும் கஞ்சியும்தான். மேலாளர் ஒரு முறை பிரின்டரிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்துவிட்டு, "இந்த கோழி எந்த கப்பல்ல வருது?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் பாயா போட்டேன். நான் வீட்டிலேயே இருந்தேன். காலையில் மூடியவள் மதியம் தாண்டித்தான் திறந்தேன். எலும்பிலிருந்து சதை தானாக நழுவியது. மாமியார் இடியாப்பத்தைப் பிய்த்து அதில் ஊறவைத்து, பேசாமல் தின்றார். அவர் பேசாமல் தின்று பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. கடைசியில் எலும்பை உறிஞ்சிவிட்டு, "ஷோக்கா கீது" என்றார். நான் அடுக்களைக்குள் போய்க் கதவோரம் நின்று ஒரு ஆட்டம் போட்டுவிட்டு வந்தேன்.

அதே பாயாவை அதே அளவில் புதன்கிழமை போட்டேன். வேகவில்லை. நல்லி எலும்புக் குழம்பு போட்டேன். பாதி வெந்து, பாதி வேகாமல், வெதுவெதுப்பாக இருந்தது. கொட்டத்தான் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போட்டால் வேகும். வேலை நாளில் வேகாது. இரண்டு வாரம் இப்படியே போனது.

"நடுவுல தொறந்தீங்களா அத்த?"

"நான் எதுக்கு தொறக்கறேன்? அதாண்டகூட போறதில்ல."

நம்பினேன். காரணம், எனக்கு இன்னொரு குற்றவாளி தயாராக இருந்தான். எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் முதலில் வோல்டேஜைத்தான் சொல்வோம். டி.வி. புகைந்தால் வோல்டேஜ், ஃபேன் நொண்டினால் வோல்டேஜ். எண்ணூரிலிருந்து மணலி வரை வேலை நாளில் எல்லாத் தொழிற்சாலையும் ஓடுகிறது. கரண்டை அவர்கள் உறிஞ்சிக்கொண்டால் என் சட்டிக்கு என்ன மிஞ்சும்? ஞாயிற்றுக்கிழமை ஆலைகளில் பாதி மூடிக் கிடக்கிறது, பாயா வேகிறது. கணக்கு சரியாக இருந்தது. கணவரும் மீட்டர் கொண்டுவந்து சுவரில் சொருகிப் பார்த்து, கொஞ்சம் கம்மிதான் என்றார். போதாதா? ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினோம். அடுக்களை மேடையில் ஸ்டெபிலைசர், அதிலிருந்து இரும்புப் பெட்டி, அதிலிருந்து குக்கர். இரண்டு பெட்டிகளும் சேர்ந்து முனகின.

"இன்னாமே இது?" என்றார் மாமியார். "சமையக்கட்டா, சப்-ஸ்டேஷனா?"

ஸ்டெபிலைசருக்குப் பிறகும் வேகவில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்க நாத்தனார் எங்களைக் கூப்பிட்ட நாளில், சேலையைப் பார்க்காமல் அம்மாவின் கழுத்தெலும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். 

மறுநாள் அலுவலகத்தில், ஸ்லோ குக்கர் சமையல்காரிகள் கேள்வி பதில் எழுதும் ஒரு பக்கத்தில் நானும் எழுதினேன். அரைகுறை இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டினேன்: கரண்டு, இரும்புப் பெட்டி, ஆலைகள், ஞாயிற்றுக்கிழமை பாயா. அதற்கடுத்த நாள் காலை பார்த்தபோது பலர் பலதும் சொல்லியிருந்தார்கள். ஒரு பெண்மணி மட்டும் இரண்டே வரி எழுதியிருந்தார். மூடியை ஒரு முறை திறந்தாலே சூடு இறங்கிவிடும், மறுபடி ஏற அரை மணியாகும். வேலை நாளில் பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்?

எனக்குக் கோபம் வந்தது. நான் கேட்டது வோல்டேஜ் பற்றி. விறுவிறுவென்று பதில் அடித்தேன்: யாரும் இருக்க மாட்டார்கள், என் மாமியார் மட்டும்தான்.

அனுப்புவதற்கு முன் ஒரு முறை படித்துப் பார்ப்பது என் தொழில் பழக்கம். படித்தேன். யாரும் இருக்க மாட்டார்கள், என் மாமியார் மட்டும்தான். அதை அழித்துவிட்டு, மேலாளரிடம் பர்மிஷன் கேட்டு, பதினோரு மணி ரயிலைப் பிடித்தேன். ரயிலில் வரும்போதே சண்டைக்கு வேண்டிய வார்த்தைகளை அடுக்கிக்கொண்டேன். பொய் சொல்லியிருக்கிறார், என் வேலையைக் கெடுக்கவே வேண்டுமென்றே திறந்து திறந்து பார்த்திருக்கிறார், மகளும் அம்மாவும் சேர்ந்து போட்ட திட்டம் இது. வண்ணாரப்பேட்டை ஸ்டேஷன் தாண்டுவதற்குள் எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

படியேறும்போது கீழ் வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, இந்த நேரத்துல? உங்கத்த இப்பல்லாம் எங்க வூட்டுப் பக்கமே வர்றதில்ல. கூப்ட்டா, அடுப்புல வேல கீது, அசைய முடியாதுன்னு சொல்றாங்க."

மேலே கதவு விரியத் திறந்திருந்தது. ஜன்னல்களும். அடுக்களையில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, குக்கருக்கு நேர் எதிரே, என் மாமியார் உட்கார்ந்திருந்தார். தலை மார்பில் சரிந்திருந்தது. கழுத்தில் ஈரத் துண்டு. சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது. இரும்புப் பெட்டி முனகவில்லை.

என் செருப்புச் சத்தத்தில் திடுக்கென்று விழித்தார். என்னைப் பார்க்கவில்லை. சுவிட்சைத்தான் பார்த்தார்.

"ஆஃப் பண்ட்டேன், ஆஃப் பண்ட்டேன்" என்றார். "தூக்கம் வர்றதுக்கு முன்னாடியே ஆஃப் பண்ட்டேன் மே."

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"எத்தினி நாளா இப்டி குந்திகினு கீறீங்க?"

"நீ வெச்சிட்டு போன நாள்லேர்ந்து. கண்ணு அசந்தா ஆஃப் பண்ணிருவேன். முயிச்சா போடுவேன். கக்கூஸ் போவ சொல்லவும் ஆஃப் பண்ணிட்டுத்தான் போவேன். வாடை அடிக்குதான்னு அப்பப்ப தொறந்து மோந்து பாப்பேன்."

"அத்த, இது கேஸு இல்ல. நெருப்பே இல்ல இதுல. விட்டுட்டு தூங்கலாம். அதுக்குத்தான் இத செஞ்சதே."

"பாலும் அப்டித்தான மே வெச்சேன்" என்றார். "தெருவே கொளுத்தினு போயிருக்கும். கீய் வூட்ல சின்னப் புள்ளிங்க கீது. என் கைய நானே நம்பல. எரியுற ஒண்ண வுட்டுட்டு என்னால கண்ண மூட முடியாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரும் அழுதார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, பாதி வெந்த கத்தரிக்காயைத் திறந்து பார்த்து, "கஸ்மாலம், இது மட்டும் நல்லா தூங்குது" என்றார். இருவரும் சிரித்தோம். அன்று இருவருமே பன்தான் தின்றோம்.

திரும்பி அலுவலகம் போகும் வழியில் முடிவு செய்தேன். வேலையை விடப் போவதில்லை. அவரும் இப்படி ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காவல் காக்கப் போவதில்லை. தூங்கு தூங்கு என்று அவரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அந்த அமெரிக்கப் பெண்கள் போட்டுவிட்டு மறந்தார்கள். மறப்பதுதான் அவர்களுக்கு வசதி. எங்கள் வீட்டிலோ ஒரு முறை மறந்ததால்தான் இவ்வளவும். ஆளே வேண்டாத சமையலைத் தேடித் தேடி நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அடுப்புக்கு முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்துதான் இருந்தார், அதுவும் சாப்பாட்டுக் கடை நடத்திய ஆள்.

அன்றிலிருந்து வேறு மாதிரித் தேடினேன். எட்டு மணி நேரக் குறிப்புகளை ஒதுக்கிவிட்டு, அதிகச் சூட்டில் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிகிறவற்றை எடுத்தேன். பருப்பை முந்தின நாளே ஊறவைத்தேன். கறியைச் சின்னதாக வெட்டினேன். காலையில் நான் வீட்டில் இருக்கும்போதே கேஸ் அடுப்பில் குழம்பை ஒரு கொதி விட்டு, அப்படியே பீங்கான் சட்டிக்கு மாற்றினேன். அதற்கு மேல் எதையும் தொடவில்லை. சுவிட்சையும் போடவில்லை. உப்பும் போடவில்லை.

"பத்து மணிக்கு ஆலை சங்கு ஊதும்ல, அப்ப நீங்க ஸ்விட்ச் போடுங்க" என்றேன். "மசூதில மத்தியான பாங்கு சொல்ற நேரத்துக்கு வெந்துரும். உப்பும் நீங்கதான். ஒரே தபா தொறக்கணும். உப்பு போட்டு கெளறிட்டு மூடிரணும். அப்பால துன்னுட்டு, ஆஃப் பண்ணிட்டு, பிளக்க புடுங்கிட்டு, எவ்ளோ நேரம் வேணுமோ தூங்குங்க."

"உப்பு நீ போட்டா இன்னா?"

"எனக்கு கை ஒரு நாள் மாரி ஒரு நாள் இருக்காது. நீங்க போட்டாத்தான் ஒயுங்கா இருக்கும்."

பொய் இல்லை அது. என் குழம்பில் உப்பு எப்போதும் முன்னே பின்னேதான். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு உப்பு ஜாடியை என் பக்கத்திலிருந்து எடுத்து, குக்கருக்குப் பக்கத்தில், தன் கைக்கு வாகாக வைத்துக்கொண்டார்.

முதல் நாள் சாயங்காலம் நான் இரண்டிரண்டு படியாக ஏறி நேராக அடுக்களைக்குப் போனேன். சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. சோறு வைத்த ஹாட்பேக்கும் காலி. கொதிக்கிற குழம்பை ஊற்றினால் சோறு தானாகச் சூடாகிவிடுகிறது என்றார், புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி. இரண்டாம் வாரம் கீழ் வீட்டு அக்காவுக்கு ஒரு கிண்ணம் பருப்புக் குழம்பு போனது. அடுத்த வெள்ளிக்கிழமை அங்கிருந்து பிரியாணி வந்தது. அதன்பின் நான் காலையில் வெட்டி வைத்துவிட்டுப் போன காயில் மாமியார் தலையிட ஆரம்பித்தார்: முருங்கைக்காயை ஏன் இப்படி நறுக்கினாய், பூண்டு போதாது, நாளைக்குக் காரக்குழம்பு போடு, கருவாடு வாங்கி வா. கருவாட்டை மூடிய சட்டியில் போட்டால் மூன்று வீட்டுக்கு நாறும் என்றேன். "நாறட்டும்" என்றார். ரவிக்கையை மறுபடி பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

தீபாவளிக்கு முந்தைய வாரம், ஒரு வேலை நாளில், முற்பகல் நேரத்தில் என் மேசைப் போன் அடித்தது. நாத்தனார்.

"நான் உன் வூட்லதான் கீறேன்" என்றார்.

சொல்லாமல் வந்திருக்கிறார். கெடு முடிகிற நேரம். மாமியார் சுவிட்ச் போட்டிருக்கிறாரா, மூடி திறந்து கிடக்கிறதா, ஸ்டூலில் சாய்ந்து தூங்குகிறாரா, எதுவும் எனக்குத் தெரியாது. எதிரே ஒரு லாரிக்காரர் என் தாளுக்காகக் காத்து நின்றார். கொஞ்சம் இருங்கள் என்று அவருக்குக் கை காட்டினேன்.

"சொல்லுங்க அண்ணி."

"அம்மாவாண்ட கேட்டுட்டேன். உன் மருமவ வேலைக்கு போவணுமா, வூட்ல இருக்கணுமா, நீயே ஒரு முடிவ சொல்லு, உனக்கு எது சௌரியமோ அதுதான்னேன். உன்னாண்டதான் சொல்வேன்னு அடம் புடிக்குது. இந்தா."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. என் மாமியாருக்குப் போனில் பேசினால் தூரத்துக்குத் தகுந்த மாதிரி கத்த வேண்டும். ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். லாரிக்காரருக்கும் கேட்டிருக்கும்.

"த பாரு மே! நீ வேலைக்கு போ. நீ வூட்ல குந்திக்கினீன்னா கொயம்ப நீ வெச்சிருவே. அப்பால நான் இன்னாத்துக்கு கீறேன் இங்க?"

"அத்த" என்றேன்.

"இன்னா அத்த? போன வெய்யி. அடுப்பாண்ட ஆளில்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.